பட்டுப்புழுவைக் காக்கும் குளவி: ஊசி ஈயை ஒடுக்கும் உயிரியல் முறை

கர்நாடக மாநிலத்தின் பட்டு விவசாயிகளுக்குப் பெரும் இழப்பை ஏற்படுத்திவரும் ஊசி ஈயைக் கட்டுப்படுத்த, கொசுவைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்று பயன்படுத்தப்பட்டு வருகிறது. இதன் அறிவியல் பெயர் நெசோலிங்க்ஸ் தைமஸ்.

மேற்கு வங்கத்தில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த ஊசி ஈ, 1980ஆம் ஆண்டில் அங்கிருந்து கொண்டுவரப்பட்ட பட்டுக்கூடுகளின் வழியே கர்நாடகத்தில் நுழைந்தது. பின்னர் தமிழகம், ஆந்திரம் ஆகிய அண்டை மாநிலங்களுக்கும் பரவியது.

பெண் ஈ, பட்டுப்புழுவின் உடல்மீது முட்டையிடும். சில நாட்களில் வெளிவரும் புழு, பட்டுப்புழுவின் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். அந்த இடத்தில் தோன்றும் கருந்தழும்பே விவசாயிக்குத் தெரியும் முதல் அடையாளம். பாதிக்கப்பட்ட பட்டுப்புழு பெரும்பாலும் கூடு கட்டும் முன்பே இறந்துவிடும். கூடு கட்டினாலும், ஈயின் புழு அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறுவதால் இழை அறுபட்டு, அக்கூடு நூற்புக்கு உதவாமல் போகிறது.

பிற பயிர்களில் செய்வதுபோல் இங்குப் பூச்சிக்கொல்லி தெளிக்க இயலாது. பட்டுப்புழுவும் பூச்சியினமே என்பதால், ஈயைக் கொல்லும் மருந்து அதையும் கொன்றுவிடும். நைலான் வலையும் பொறிகளும் ஓரளவே பயன் தருகின்றன. ஆகவே, ஈயையும் பட்டுப்புழுவையும் வேறுபடுத்தி அறியும் எதிரி தேவைப்பட்டது.

வெளியேறிய ஈப்புழுக்கள் தரை வெடிப்புகளிலும் மண்ணிலும் ஒளிந்து கூட்டுப்புழுவாக மாறுகின்றன. மனிதக் கைக்கு எட்டாத அந்த இடுக்குகளில் குளவி எளிதில் நுழைந்துவிடும். கூட்டுப்புழுவின் கடினமான ஓட்டைத் துளைத்து, உள்ளே பல முட்டைகளை இடும். அவற்றிலிருந்து வரும் இளம்புழுக்கள் ஈயின் கூட்டுப்புழுவை உண்டு வளர்ந்து, புதிய குளவிகளாக வெளிவருகின்றன. ஈ வெளிவருவதில்லை. பட்டுப்புழுவை இக்குளவி தாக்குவதில்லை.

ஆய்வகங்களில் இக்குளவிகள் வீட்டு ஈயின் கூட்டுப்புழுக்களில் பெருமளவில் வளர்க்கப்படுகின்றன என்பது சுவையான முரண். குளவிகள் அடங்கிய பைகள் வளர்ப்பு மனையில் தொங்கவிடப்பட்டு, அறுவடைக்குப் பின் எருக்குழியருகே மாற்றப்படுகின்றன. கழிவுடன் கொட்டப்படும் கூட்டுப்புழுக்கள் அங்கேதான் மிகுதி.

எனினும், முட்டையிடப்பட்டுவிட்ட பட்டுப்புழுவைக் குளவியால் மீட்க முடியாது. அதன் பயன் அடுத்த வளர்ப்பிலேயே தெரியும். அதுவும் ஊரில் ஒருவர் மட்டும் குளவியை விட்டால், பக்கத்து மனையிலிருந்து ஈ பறந்து வந்துவிடும்.