பழைய வேகத்தட்டும் புதிய கணினியும்

பழைய பொருளைக் கழித்துக் கட்டுவது எளிது. பழையது என்பதற்காகவே அதைப் போற்றுவதும் எளிது. அதற்குத் தகுந்த வேலையை அறிந்து கொடுப்பதே அரிது. விளையாட்டுக் கணினி ஒன்றைப் புதிதாக அமைப்போர், முன்னாளில் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய அதிவேக வன்தட்டுகளை அதில் மீண்டும் பூட்டலாமா என்று வினவுவதுண்டு. இவ்வினாவுக்கு விடை வன்தட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஓரச்சில் நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. அவ்வளவு பெரிய பொறி தாங்கியதோ ஐம்பது இலட்சம் எழுத்துகளே.

வன்தட்டில் தகவலைப் படிக்கும் தலை, உரிய தடத்தை அடைந்த பின்னும், வேண்டிய இடம் சுழன்று தன்கீழ் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். இக்காத்திருப்பு சராசரியாக அரைச்சுற்று நேரமாகும். நிமிடத்திற்கு 1,200 சுற்றானால் 25 மில்லி விநாடி. 7,200 ஆனால் ஏறத்தாழ 4.2, 10,000 ஆனால் 3. ஆகவே சுழற்சியைக் கூட்டுவதே பொறியாளர்கள் கண்ட வழிகளுள் ஒன்றாயிற்று. சீகேட் நிறுவனம் 1992இல் 7,200 சுற்றையும், 1996இல் 10,000 சுற்றையும், 2000இல் 15,000 சுற்றையும் எட்டியது.

10,000 சுற்றும் அதற்கு மேலும் உடைய தட்டுகள் பெருநிறுவனங்களின் கணினிகளுக்கென்றே அமைந்தவை. 2003இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் ‘ராப்டர்’ என்னும் தட்டின் வாயிலாக 10,000 சுற்று வேகத்தை இல்லத்துக் கணினிக்குக் கொணர்ந்தது. கொள்ளளவு 36 ஜிகாபைட்டே. எனினும் விளையாட்டுப் பிரியர்கள் அதனை விரும்பி வரவேற்றனர். இரண்டு தட்டுகளை இணைத்துத் தகவலைப் பகிர்ந்து எழுதி, மேலும் வேகம் பெற்றோரும் உண்டு. ஆனால் அவ்விரண்டில் ஒன்று பழுதானாலும் முழுத் தகவலும் போயிற்று. 2008இல் 300 ஜிகாபைட் கொண்ட ‘வெலாசிராப்டர்’ வந்தது.

அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட திடநிலைச் சேமிப்பகமே நிலைமையை மாற்றியது. எஸ்.எஸ்.டி. எனப்படும் இதில் சுழல்வதற்கு எதுவுமில்லை. வெலாசிராப்டர் ஓரிடத்தைத் தேடி எடுக்க ஏறத்தாழ 7 மில்லி விநாடி கொண்டது, இதற்கோ 0.1 மில்லி விநாடி போதும். எவ்வளவு விரைந்து சுழன்றாலும், சுழலாததை வெல்ல இயலாது போயிற்று.

இம்மாற்றத்தின் விளைவை மலேசியாவும் கண்டது. வன்தட்டுக்கான தேவை குறைந்து வருவதைக் காட்டி, பெட்டாலிங் ஜெயாவிலிருந்த தன் தொழிற்சாலையை மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018இல் அறிவித்தது. ஒரு கருவியின் காலம் முடிவது கடைவீதிச் செய்தி மட்டுமன்று. அதனைச் செய்த கைகளின் செய்தியுமாகும்.

இனி வினாவுக்கு வருவோம். ராப்டர் வகைத் தட்டுகளின் சாட்டா இணைப்பு இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றிலும் உள்ளது. ஆகவே பூட்டுதல் இயலும். ஆயின் இயங்குதளத்தையும் புதிய விளையாட்டுகளையும் அதில் வைத்தல் தகாது. 2023இல் வந்த ‘ஸ்டார்ஃபீல்டு’ போன்றவை திடநிலைச் சேமிப்பகத்தைக் கட்டாயமாகவே கேட்கின்றன. தகவல் செறிவு மிகுந்த இன்றைய 7,200 சுற்றுத் தட்டும், தொடர்ச்சியாகப் படிப்பதில் முதல் ராப்டரை முந்திவிடும் என்பதையும் மறத்தலாகாது.

வன்தட்டுக் காலத்தில் எழுதப்பட்ட பழைய விளையாட்டுகளுக்கும், மறுபடி பெறக்கூடிய கோப்புகளுக்கும் அது நல்ல இடமே. பூட்டுமுன் தட்டின் உடல்நிலையைக் காட்டும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையைப் படித்தல் நன்று. பழுதான பகுதிகளின் எண்ணிக்கை ஏறுமாயின் அதற்கு ஓய்வு கொடுத்தலே அறிவுடைமை.

ஒன்றை மட்டும் அதனிடம் ஒப்படைத்தல் கூடாது. பிள்ளையின் முதல் படமும் மறைந்த தாயின் குரலும் வேறு பிரதியின்றி அதில் மட்டும் இருத்தலாகாது. விளையாட்டை மீண்டும் பெறலாம். குரலை மீண்டும் பெற இயலாது. முதுமைக்கு மதிப்பளிப்பது வேறு. தாங்கவொண்ணாச் சுமையை அதன் தலையில் ஏற்றுவது வேறு.