வழுக்கித் திரும்பும் வண்டி

நம்ம பக்கத்தில் மண் அள்ளுகிற வண்டி எதுவானாலும் ஜேசிபிதான். அதே மாதிரி, ஒரே ஒரு ஆள் கூண்டுக்குள் உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே சுற்றுகிற குட்டி வண்டிக்கு, எந்தக் கம்பெனி தயாரித்திருந்தாலும், 'பாப்கேட்' என்று பெயர் நிலைத்துவிட்டது. கம்பெனிப் பெயர் பொருளின் பெயராகிவிட்ட கதை இரண்டுக்கும் பொது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயரின் பெயர்ச்சுருக்கம். பாப்கேட் பிறந்ததற்குக் காரணமானவர்களில் ஒருவரும் சிரில்தான், சிரில் கெல்லர்.

சிரிலும் லூயியும் அண்ணன் தம்பி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சின்ன ஊரில் பட்டறை வைத்திருந்தார்கள். பக்கத்தில் எடி வெலோ என்பவர் வான்கோழிப் பண்ணை நடத்திவந்தார். பண்ணைக் கொட்டகைக்கு இரண்டு தளம். மேல்தளத்து எருவை அள்ள டிராக்டரை ஏற்றினால் தளம் தாங்காது, நடுவில் நிற்கும் தூண்களைச் சுற்றித் திரும்பவும் முடியாது. எடை குறைவாக, அங்கேயே சுற்றுகிற மாதிரி ஒன்று வேணும். 1957-ல் கெல்லர் சகோதரர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் தள்ளுவண்டியில் இருப்பது போலத் தன்னால் சுழலும் ஒரு சக்கரம்.

முதல் வண்டியில் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோனது பெல்ட். எருவிலும் ஈரத்திலும் பெல்ட் வழுக்கியது, தேய்ந்தது. பட்டறைக்காரர்கள் இல்லையா, திரும்பத் திரும்ப ரிப்பேருக்கு வரும் வண்டியை அப்படியே விட மனசு வரவில்லை. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் தனித்தனி கிளட்ச் கொண்ட ஒரு டிரான்ஸ்மிஷனை உருவாக்கினார்கள். 1958-ல் மெல்ரோ கம்பெனி அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. 1960-ல் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, அங்கேயும் விசையோடு இரண்டு சக்கரம் வைத்தார்கள். 1962-ல் பாப்கேட் என்ற பெயர் வந்தது. அதே 1962 ஆகஸ்டு 16-ல்தான் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, என் குறிப்பேட்டில் தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன, அவ்வளவுதான்.

நாலு சக்கரம் வந்த அன்றைக்கே பராமரிப்பின் தலையெழுத்து தீர்மானமாகிவிட்டது. இந்த வண்டியில் எந்தச் சக்கரமும் ஒடியாது. ஒரு பக்கச் சக்கரங்கள் வேகமாக, இன்னொரு பக்கம் மெதுவாக அல்லது பின்னோக்கி ஓட, டயர் தரையில் இழுபட்டுத்தான் வண்டி திரும்பும். ஒவ்வொரு திருப்பமும் ஒரு தேய்மானம். அந்தத் தேய்மானத்தை ஒழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். சாஃப்ட்வேரில் ஒரு மாட்யூலில் மூடிய பிழை இன்னொன்றில் தலைகாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெல்ட்டில் இருந்த தேய்மானம் கிளட்சுக்குப் போனது. ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் வந்து கிளட்சை நீக்கின. அப்புறம் எல்லாப் பாரமும் ஆயிலின் சுத்தத்தின் மேல் விழுந்தது. டயரும் செயினும் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை தேய்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களையும் பெரும்பாலான மாடல்களில் செயின்கள்தான் ஒரே மோட்டாரோடு பிணைக்கின்றன. அதனால் முன்னால் புது டயர், பின்னால் வழவழப்பான டயர் என்று மாட்டினால் இரண்டும் ஒரே சுற்றில் வேறு வேறு தூரம் போகப் பார்க்கும். அந்தச் சண்டை செயினில் போய் முடியும். காற்றழுத்தம் சமமாக இல்லாவிட்டாலும் இதே கதைதான். பக்கெட் காலியாக இருக்கும்போது எடையில் சுமார் 70 சதவீதம் பின்னச்சில் இருக்கும், அதனால் முன்சக்கரம் லேசாக வழுக்கிக் கொடுக்கும். சிமெண்டுத் தரையில் நின்ற இடத்திலேயே சுற்றாமல் கொஞ்சம் முன்னே பின்னே போய்த் திரும்பினால் டயர் கூடுதல் நாள் வரும். ஆபரேட்டருக்குச் சுற்றிக் காட்டுவதில்தான் பெருமை, காசு போவது ஓனருக்கு.

இனி கிளிஞ்சல்மேட்டுக்கு வருவோம். பெயரே சொல்கிறது, கிளிஞ்சலும் மேடும். 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்த மீனவர் ஊர்களில் இதுவும் ஒன்று. இந்த மாதிரிக் கடலோர ஊர்களின் குறுகிய தெருக்களில் ஜேசிபி நுழைய முடியாத இடத்துக்குத்தான் குட்டி வண்டி தேவைப்படும். ஆனால் இந்த மண் வண்டிக்கு ஆகாது. உடைந்த கிளிஞ்சல் தூள் பக்கெட் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். தினமும் கிரீஸ் அடிக்கச் சொல்வது உள்ளே போன அந்தத் தூளை வெளியே தள்ளத்தான். பழைய கிரீஸ் பிதுங்கி வரும் வரை அடிக்கணும்.

அப்புறம் உப்புக்காற்று. பளபளக்கும் ஹைட்ராலிக் ராடில் ஒரு துருப்புள்ளி விழுந்தால் போதும், அது உள்ளே வெளியே போகும்போதெல்லாம் சீலைக் கிழிக்கும். கிழிந்த சீல் வழியாகத் தூசி ஆயிலுக்குள் போகும், தூசி பம்பைத் தின்னும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ராடு உள்ளே இருக்கிற மாதிரி நிறுத்துவது ஐந்து நிமிட வேலை. பம்ப் மாற்றுவது ஒரு சின்ன காண்டிராக்டரின் பல மாத லாபத்தை முழுங்கிவிடும். செயின் பெட்டி ஆயில் பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், அச்சின் ஆயில் சீலைப் பார்க்க வேண்டும்.

காசு போனால் போகட்டும். இரண்டு விஷயத்தில் உயிர் போகும். தூக்கிய கைக்குக் கீழே தலையை விட்டுப் பார்ப்பதற்கு முன்னால் சப்போர்ட் பட்டையை மாட்டியே ஆகணும். ஹோஸ் வெடித்தாலோ லீவர் தட்டுப்பட்டாலோ அந்தக் கை இறங்க ஒரு நொடி ஆகாது. சீட் ஸ்விட்சை ஒரு துண்டு வயரில் இணைத்துவிட்டு ஓட்டுவது பல இடங்களில் சகஜம். ஆபரேட்டர் இறங்கினால் கை அசையாமல் பூட்டுவதற்காக வைத்ததைத்தான் அந்த வயர் கொல்கிறது.

இன்னொன்று ஆயில் கசிவு. ஊசிமுனைத் துளையில் பீறிடும் ஆயில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் இருக்கும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். மருந்து தடவிக்கொண்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. உடனே அறுவைச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லணும். கசிவைத் தேட எஞ்சினை அணைத்து, அழுத்தத்தை இறக்கிவிட்டு, ஒரு அட்டைத் துண்டை ஹோஸ் ஓரமாகப் பிடித்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். எஞ்சின் ஓடித்தான் தெரியும் என்றாலும் தேடுவது அட்டைதான், விரல் இல்லை.