புற்றெனத் தோன்றும் நாளங்கள்

மருத்துவ வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் வெற்றிகளையே எழுதுவர். அம்மைப்பால் கண்ட கதையும் பெனிசிலின் கண்ட கதையும் நம் மாணவர் பலகாற் கேட்டவை. ஆயின், ஒரு நோய் வைத்தியரின் கண்ணை எவ்வாறு ஏமாற்றியது, அவ்வேமாற்றத்தை எவர் எங்கே கண்டுகொண்டனர் என்பதும் எழுதத்தக்க வரலாறேயாம். வயிற்றினுள்ளே நாளங்கள் சில திரண்டு நின்று புற்றுநோயின் கோலங் காட்டும் விந்தை அத்தகையது.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் குருதி, ஈரல்வாயினாளம் என்னும் பெருநாளமொன்றிற் சேர்ந்து ஈரலை அடைகின்றது. அந்நாளத்தை ஒட்டியே பித்தக்கான் கீழிறங்குகின்றது. யாதேனுமொரு காரணத்தால் நாளத்தினுட் குருதி உறைந்து வழி அடைபடுமாயின், அணையில் மறிக்கப்பட்ட ஆற்றுநீர் அயல் வாய்க்கால்களைத் தேடுவதுபோல, குருதியும் பக்கத்திலுள்ள நுண்ணிய நாளங்களைத் தேடிப் புகும். அவை நாளடைவிற் பருத்து, முறுக்குண்டு, கடற்பஞ்சு போன்றதொரு திரளாகும். பித்தக்கானை அணைந்து செல்லும் நாளங்களைப் பெற்றேன் என்பார் 1932இலும், அக்கானின் சுவர்மேல் வலைபோற் படர்ந்தவற்றைச் செயின்ற் என்பார் 1961இலும் விவரித்தனர். இவ்விரு கூட்டமும் வீங்கும்போது நடுவிலுள்ள பித்தக்கான் நெருக்குண்கின்றது. பித்தம் தேங்குகின்றது. செங்கமாரி தோன்றுகின்றது.

இந்நாளத் திரளைப் பற்றிய பழைய குறிப்பு 1869இல் எடின்பரோவில் வெளிவந்தது. மண்ணீரல் பெருத்து, வயிற்றில் நீர் கோத்த நோயாளி ஒருவரின் ஈரல்வாயினாளம் உறைந்தும் புடைத்தும் இருந்தமையைப் பல்வர், ஸ்ருவேட் என்னும் இருவர் எழுதினர். புடைத்த நாளமொன்று பித்தக்கானை நெருக்கிய செய்தியை 1965இல் இங்கிலாந்தின் ஹண்ட் வெளியிட்டார். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டு கழிந்தது. காரணம் எளிது. உயிருள்ளவரின் பித்தக்கானைக் காணும் வழி அரிதாயிருந்தது. 1895இல் ரொஞ்சன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டிற்றேயன்றி, இத்தகைய மெல்லிய குழாய்களைத் தானாகக் காட்டவில்லை. வாய்வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்திப் பித்தக்கானுள் நிறப்பொருளைப் பாய்ச்சிப் படமெடுக்கும் முறை 1968இற்றான் அமெரிக்காவில் மக்கியூன் குழுவினராற் கைவரப்பெற்றது.

படம் வந்ததும் புதிய மயக்கமும் வந்தது. ஒழுங்கற்று ஒடுங்கிய பித்தக்கானைப் படத்திற் கண்ட வைத்தியருக்கு முதலில் நினைவில் எழுவது புற்றுநோயே. அவ்வாறு எண்ணுவது பிழையுமன்று.

1992ஆம் ஆண்டில் மூன்று நகரங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே செய்தி வந்தது. சண்டிகாரில் திலாவரியும் சாவ்லாவும், ஈரல்வாயினாளம் அடைபட்ட நோயாளரின் பித்தக்கான்கள் வேறொரு கொடிய அழற்சி நோயைப் போலப் பொய்த்தோற்றம் காட்டுவதை எழுதினர். டில்லியிற் சரினும் அவர்தம் துணைவரும் இந்நிலைக்குத் தனிப்பெயர் சூட்டினர். துருக்கியிற் பைரக்தார் குழுவினர் ‘பொய்ப் பித்தக்கான் புற்று அறிகுறி’ என்றே அழைத்தனர். கருவிகள் மலிந்த மேனாடுகளை முந்திக்கொண்டு இந்தியர் இதனை இத்துணைத் தெளிவாகக் கண்டது எங்ஙனம்? மேனாடுகளில் ஈரல்வாயினாளத்தின் அழுத்தம் உயர்வதற்குப் பெருங்காரணம் ஈரலே சுருங்கியிறுகும் நோயாகும். இந்தியாவிலோ, ஈரல் நலமாயிருக்க நாளம் மட்டும் அடைபட்டு, இரத்தம் கக்கிக்கொண்டு வரும் சிறுவர் மிகப் பலர். அச்சிறுவரே வளர்ந்து செங்கமாரியுடன் மீண்டு வந்தபோது, அவரை முன்னரே அறிந்த வைத்தியரின் கண்ணுக்கு உண்மை புலப்பட்டது. வறுமையின் நோயைப் பலகாற் கண்ட பழக்கம் இங்கே அறிவாயிற்று என்பது எமது கருத்து.

இஃது எங்கோ நிகழும் செய்தியன்று. தெல்தோட்டை மலைச்சாரலிலிருந்து முதியவர் ஒருவர் செங்கமாரியுடன் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குச் செல்வதாகக் கொள்வோம். படத்திற் பித்தக்கான் ஒடுங்கியிருக்கின்றது. அருகே ஒரு திரளும் தெரிகின்றது. புற்றென்றே துணிந்தால் வீட்டார் நம்பிக்கையிழப்பர். திரளிலிருந்து இழையத்துண்டு எடுக்க ஊசியேற்றினாலோ, கத்தி வைத்தாலோ, அழுத்தம் மிக்க நாளம் கிழிந்து குருதி பெருகக்கூடும். ஆதலால் முதலில் வினவவேண்டுவன வேறு. இளமையில் இரத்த வாந்தி எடுத்ததுண்டா? இடப்பக்க வயிற்றிற் கட்டி இருந்ததா? பிறந்தபோது தொப்புட்கொடி அறுத்த புண் சீழ்ப்பிடித்ததா? தொப்புளிற் பற்றும் கிருமி நாளவழியே உட்புகுந்து ஈரல்வாயினாளத்தை அடைப்பதுண்டு. காரணம் புலப்படாதாரும் பலர்.

1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்தரவிலே தேயிலை நட்ட நாள் முதலாக, இம்மலைகளிற் பல தலைமுறையினர் லயக் காம்பராக்களில் மருத்துவிச்சியின் கையிலே பிறந்தனர். 1912இல் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டங்களுக்கென வந்தபின்னரும் அவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. தொப்புட்புண்ணைப் பதிந்து வைத்த ஏடு எங்கே கிடைக்கும்? தாய் இருந்தால் அவள் நினைவே ஏடு. வள்ளுவர் நோயை நாடியபின் அதன் முதலையும் நாடச் சொன்னாரன்றோ!

கருவிகளும் இன்று துணை நிற்கின்றன. 1842இல் டொப்ளர் கூறிய தத்துவத்தைக்கொண்டு, கேளா ஒலியால் திரளினுள்ளே குருதி ஓடுவதை ஊசியின்றியே காணலாம். நிறப்பொருள் ஏற்றி எடுக்கும் கணினிப் படமும் காந்தப் படமும் நாளங்களின் வழியைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆயினும் எதிர்ப்பிழை ஒன்றுண்டு. சதையியிலோ ஈரலிலோ தோன்றிய மெய்யான புற்று தானே ஈரல்வாயினாளத்தை அடைத்து இத்தகைய நாளத் திரளை உண்டாக்குவதுமுண்டு. ஆகவே, நாளத் திரளைக் கண்டவுடன் புற்றில்லையென்று மகிழ்ந்துவிடலாகாது. இரண்டையும் தேடியே தீரவேண்டும்.

நாளம் அடைபட்டவருள் மிகப் பெரும்பாலோரின் பித்தக்கானிற் படம் மாறுதல் காட்டினும், நோய்க்குறி தோன்றுவது சிலருக்கே. அவர்க்குப் பித்தக்கானிற் கல்லிருப்பின் உள்நோக்கிமூலம் அகற்றுவர். ஒடுங்கிய இடத்திற் சிறுகுழாய் வைப்பர். தக்கவர்க்கு மண்ணீரல் நாளத்தைச் சிறுநீரக நாளத்தோடு இணைத்து அழுத்தத்தைக் குறைப்பர். அதன்பின் ஒடுக்கம் பலரிடத்துத் தானே நெகிழ்கின்றது. தழும்பேறி இறுகியவர்க்கு மட்டும் பித்தக்கானைக் குடலோடு இணைக்கும் இரண்டாம் சத்திரசிகிச்சை வேண்டியதாகும். அழுத்தத்தைக் குறைக்காது அதனை முதலிலேயே செய்யப் புகுந்தால், அந்நாளங்களை வெட்டியே உள்ளே செல்ல நேரும்.