அகற்றிய பின்னும் விடாத அழற்சி

1859ஆம் ஆண்டு லண்டனில் ஒரு கொலை வழக்கு பெரும் பரபரப்பாகப் பேசப்பட்டது. இசபெல்லா பேங்க்ஸ் என்னும் பெண் ஓயாத வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் மெலிந்து இறந்தாள். முதல் மனைவி உயிரோடிருக்கவே அவளை மணந்துகொண்ட மருத்துவர் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் நஞ்சூட்டிக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். புகழ்பெற்ற நச்சியல் அறிஞர் ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர் ஆர்சனிக் இருப்பதைக் கண்டதாக அறிவித்தார். ஆனால் அந்த ஆர்சனிக், சோதனைக்கு அவர் பயன்படுத்திய செம்பிலேயே கலந்திருந்தது என்பதை அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அளக்கும் கருவியே பொய் சொன்ன கதை இது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட ஸ்மெதர்ஸ்ட் பிறகு மன்னிக்கப்பட்டார். இருதார மணத்துக்காக மட்டும் சிறை சென்றார்.

இறந்தவளின் குடலைப் பரிசோதித்த கைஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ், அதில் நஞ்சின் தடயத்தைவிடப் புண்கள் நிறைந்த அழற்சியையே கண்டார். ‘அல்சரேட்டிவ் கோலைடிஸ்’, அதாவது பெருங்குடல் புண் அழற்சி என்ற பெயர் மருத்துவ ஏடுகளில் நுழைந்தது அவர் அவ்வாண்டு எழுதிய கடிதத்தின் வழியாக. (அவர் வருணித்தது இன்று க்ரோன் நோய் எனப்படுவதாக இருக்கலாம் என்போரும் உண்டு. பெயர் சூட்டியவரே ஆளை மாற்றிப் பார்த்திருக்கக்கூடும் என்பது மருத்துவ வரலாற்றுக்குப் புதிதல்ல.)

இந்நோய் பெருங்குடலையும் மலக்குடலையும் தாண்டுவதில்லை. எனவே அவ்விரண்டையும் அகற்றிவிட்டால் நோயும் போய்விடும் என்பது அறுவை மருத்துவரின் எளிய தர்க்கம். தர்க்கம் சரி, ஆனால் மலம் எவ்வழியே வெளியேறும்? சிறுகுடலின் முனையை வயிற்றுத் தோலில் திறந்துவைத்தால், அதிலிருந்து ஒழுகும் செரிமான நீர் தோலையே அரித்தது. 1952இல் பர்மிங்காமின் பிரையன் புரூக், சட்டைக் கையை மடித்துவிடுவதுபோலக் குடல் முனையை வெளிப்புறமாகத் திருப்பித் தைத்தார். இந்தச் சிறிய மடிப்பு காப்பாற்றிய தோல்களுக்குக் கணக்கில்லை. ஆயினும் வயிற்றின் மேல் பை ஒட்டிக்கொண்டு வாழ்வது இளம் நோயாளிகளுக்கு எளிதாக இருக்கவில்லை.

1969இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் நீல்ஸ் காக் அந்தப் பையை வயிற்றுக்குள்ளேயே அமைத்தார். சிறுகுடலை மடித்துத் தைத்த தேக்கம், ஒழுகாதபடி ஒரு வால்வு, வேண்டும்போது வெளியேற்ற ஒரு குழாய். 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் இன்னும் ஒரு படி சென்றார்கள். பையை நேரடியாகக் குதத்தோடு இணைத்தார்கள். வயிற்றில் நிரந்தரத் துளையே தேவைப்படவில்லை. 1980இல் ஜப்பானின் உத்சுனோமியா குழுவினர் அதை ஆங்கில ‘ஜே’ எழுத்தின் வடிவத்துக்கு எளிமையாக்கினார்கள். இன்று மிகுதியாகச் செய்யப்படுவது அதுவே.

நோய் முடிந்தது என்று எல்லோரும் நம்பியிருக்க வேண்டும். ஆனால் நோயற்ற சிறுகுடலால் கட்டிய புதிய பையிலும் அழற்சி தோன்றியது. 1970களிலேயே அதைக் கவனித்துப் ‘பவுச்சைடிஸ்’ என்று குறித்தவர்கள் காக்கும் அவர் குழுவினரும்தாம். தம் படைப்பின் குறையைத் தாமே பெயரிட்டு எழுதிய நேர்மை, அந்தப் பையின் தையல் நுட்பத்தைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுகிறது. அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒருமுறையேனும் இதற்கு ஆளாகிறார்கள். இங்கே ஒரு புதிர் உண்டு. பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கான கட்டிகள் முளைக்கும் நோயாளிகளுக்கும் இதே பையைத்தான் வைக்கிறார்கள். அவர்களுக்கு இவ்வழற்சி அரிது. தேங்கி நிற்கும் மலமும் அதன் நுண்ணுயிர்களும் மட்டுமே காரணமானால் இவ்வேற்றுமை வராது. குடலை அகற்றலாம்; அதைத் தாக்கிய எதிர்ப்பாற்றல் உடலிலேயே இருக்கிறது.

ஆகவே அகற்றிய பின்னும் கண்காணிக்க வேண்டியதாயிற்று. எதைக் கொண்டு கண்காணிப்பது? நோயாளி அடிக்கடி கழிப்பறைக்குச் செல்கிறார், வயிறு இழுத்துப் பிடிக்கிறது. இவை அழற்சியின் அறிகுறிகள். பையோடு வாழ்வதன் இயல்பும் இவைதாம். 1994இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வில்லியம் சாண்ட்பார்ன் குழுவினர் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். நோயாளி சொல்வதற்கு 6, அகநோக்கியில் தெரிவதற்கு 6, நுண்ணோக்கியின் கீழ் திசு காட்டுவதற்கு 6, ஆக 18. மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் என்றால் பவுச்சைடிஸ். நோயாளியின் சொல்லுக்குரிய ஆறும் முழுதாகக் கிடைத்தாலும் அதனால் மட்டும் ஏழை எட்ட முடியாது என்பதைக் கவனியுங்கள். இது இரக்கமற்ற கணக்கன்று. அறிகுறிகள் அனைத்தும் இருந்தும் பையில் அழற்சியே இல்லாத நோயாளிகள் இருக்கிறார்கள் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் தெளிவாக்கின. அவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வீண்; திரும்பத் திரும்பக் கொடுப்பது தீங்கு.

ஆனால் ஒவ்வொரு முறையும் அகநோக்கியை உள்ளே செலுத்துவது யாருக்கும் உவப்பானதன்று. அதற்கு ஒரு மாற்று நார்வேயில் உருவானது. 1980இல் ஒஸ்லோவின் மேக்னே ஃபாகர்ஹோல் குழு, வெள்ளணுக்களில் நிறைந்துள்ள ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தது; பின்னாளில் அதற்குக் கால்ப்ரொடெக்டின் என்று பெயர் வந்தது. அழற்சியுள்ள குடற்சுவரின் வழியே வெள்ளணுக்கள் கசியும்போது அது மலத்தில் சேர்கிறது. எளிதில் சிதைவதும் இல்லை. ஒரு சிறு குப்பியில் வீட்டிலிருந்தே மாதிரி அனுப்பினால் போதும். இருப்பினும் பை வைத்தவர்களுக்கு இந்த எண் எதுவரை ஏறினால் நோய் என்பதில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வரம்பு இல்லை. ஐயம் வந்தால் அகநோக்கிக்கே திரும்புகிறார்கள்.

அப்போது அவர்கள் பையை மட்டும் பார்ப்பதில்லை. பையைக் குதத்தோடு இணைக்க, மலக்குடலின் ஓரிரு சென்டிமீட்டர் அகல வளையத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறார்கள். உடலில் எஞ்சியிருக்கும் பழைய சவ்வு அதுதான். வில்க்ஸ் பெயரிட்ட நோய் அந்தக் குறுகிய வளையத்தில் இன்னும் மூளலாம். அரிதாகப் புற்றுநோயும் அங்கே தோன்றலாம். உள்ளே நுழையும் அகநோக்கி முதலில் கடக்கும் இடமும் அதுவே.