மரபின் பிறந்த தேதி: மியூனிக்கின் அக்டோபர் விழா

செப்டம்பர் 15ஆம் நாளுக்குப் பின் வரும் சனிக்கிழமை, நண்பகல் 12 மணிக்கு, மியூனிக் நகர மேயர் பீர்ப் பீப்பாயில் ஒரு குழாயை மரச்சுத்தியலால் அடித்துச் செருகுவார். 'திறந்தாயிற்று' என்று பவேரிய வழக்கில் முழங்குவார். முதல் குவளை மாநில முதலமைச்சருக்குச் செல்லும். டிர்ண்டல் பாவாடையும் தோல் அரைக்கால்சட்டையும் அணிந்த பெருங்கூட்டம் ஆர்ப்பரிக்கும். காண்போர்க்கு இது இடைக்காலத்திலிருந்து அறுபடாமல் வரும் சடங்கு என்றே தோன்றும். ஆனால் மேயர் பீப்பாய் திறக்கும் வழக்கம் 1950இல், தோமாஸ் விம்மர் என்ற மேயரிடமிருந்து தொடங்கியது. இவ்விழாவின் ஒவ்வொரு மரபுக்கும் இப்படி ஒரு பிறந்த தேதி உண்டு. அத்தேதிகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது வெறும் தகவல் சேகரிப்பன்று என்பதே நமது எண்ணம்.

1806இல்தான் நெப்போலியனின் தயவால் பவேரியா முடியரசு ஆயிற்று. கத்தோலிக்கப் பழம்பகுதிகளோடு சீர்திருத்தச் சபையினர் வாழும் புதிய பகுதிகளும் அதில் இணைக்கப்பட்டிருந்தன. இவர்களையெல்லாம் ஒரு நாட்டின் மக்கள் என்று உணரச் செய்யும் நிகழ்ச்சிகள் அரசுக்குத் தேவைப்பட்டன. 1810 அக்டோபர் 12 அன்று பட்டத்து இளவரசர் லுத்விக், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த இளவரசி தெரேசாவை மணந்தார். ஐந்து நாள் கழித்து நகருக்கு வெளியே ஒரு புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடத்தப்பட்டது. அவ்வெளிக்குத் 'தெரேசியன்வீசெ', அதாவது தெரேசாவின் புல்வெளி, என்ற பெயர் அன்றே அமைந்தது. அடுத்த ஆண்டு வேளாண் கண்காட்சியும் சேர்ந்தது. அன்று விழாவின் மையத்தில் நின்றது பீர் அன்று, குதிரை.

பீர் மெல்ல மெல்லத்தான் மையத்துக்கு வந்தது. 1867இல் மிக்கேல் ஷோட்டன்ஹாமல் என்பவர் 50 இருக்கைகள் கொண்ட ஒரு மரக்கொட்டகை அமைத்தார். அவர் பெயர் தாங்கிய, இன்று ஏறத்தாழ 10,000 பேர் அமரக்கூடிய கூடாரத்தில்தான் மேயர் பீப்பாய் திறக்கிறார். வானிலை கருதி விழாவின் தொடக்கம் செப்டம்பருக்கு நகர்ந்தது 1872இல். விழா பீருக்கென்று தனி வகை வந்ததும் அதே ஆண்டில்தான். கடும் கோடையில் வழக்கமான சரக்கு தீர்ந்துபோக, அதைவிட வலுவான மெர்ட்சன் பீரைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். மக்கள் விரும்பிக் குடித்தார்கள். தற்செயலாக வந்த பற்றாக்குறை ஒரு மரபாயிற்று. இன்று மியூனிக்கின் 6 மதுவடி நிறுவனங்கள் மட்டுமே அங்கு பீர் வழங்கலாம் என்பது விதி.

நம்மை அதிகம் யோசிக்க வைப்பது ஆடை. லுத்விக், தெரேசா இணையரின் வெள்ளி விழாவையொட்டி 1835இல் முதல் ஆடை ஊர்வலம் நடந்தது. டிர்ண்டல் பணிப்பெண்களின் வேலை உடுப்பாகத் தோன்றி, கோடை விடுமுறைக்கு மலையூர் சென்ற நகரத்துச் சீமாட்டிகளால் நாகரிக உடையானது. அதைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர்கள், வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து மியூனிக்கிற்கு வந்து கடை வைத்த யூலியுஸ், மோரிட்ஸ் வாலாக் என்ற யூதச் சகோதரர்கள். நாட்டுப்புற ஆடைகளைத் தேடிச் சேகரித்து, அவற்றின் அச்சுகளையும் துணிகளையும் மீட்டெடுத்தார்கள். 1910இல் விழாவின் நூற்றாண்டு ஊர்வலத்துக்கு ஆடை தந்தவர்கள் அவர்களே.

1933இல் விழாத் திடலில் யூதர்கள் வேலை செய்வது தடைசெய்யப்பட்டது. 1938இல், ஆஸ்திரியா இணைக்கப்பட்டபின், விழாவுக்குப் 'பெருஞ்செர்மானிய மக்கள் திருவிழா' என்று பெயர் சூட்டினார்கள். அதே ஆண்டு சால்ஸ்பர்க் நகரில் யூதர்கள் மலைநாட்டு ஆடை அணியக் கூடாதென்று ஆணை வந்தது. வாலாக் சகோதரர்களின் கடை பறிபோயிற்று. யூலியுசும் மோரிட்சும் அமெரிக்கா சென்று உயிர் பிழைத்தார்கள். அவர்களுடைய சகோதரர் மாக்ஸ் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அந்த ஆடையை ஊருக்கு உடுத்திக் காட்டியவர்களின் இனத்துக்கே அதை உடுத்தும் உரிமை மறுக்கப்பட்டது.

மரபுகள் பல அண்மையில் உருவாக்கப்பட்டவை என்பதை எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூல் விரிவாகக் காட்டியது. அதைப் படித்தவர்கள் சிலர், அப்படியானால் மரபு என்பதே பொய் என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. தொடங்கிய நாள் தெரிந்துவிட்டதால் ஒரு விழாவின் மகிழ்ச்சி குறைந்துவிடாது. ஆனால் தேதியை மறந்தால்தான் 'இது எம் குருதியில் வந்தது, உனக்கு இதில் பங்கில்லை' என்று ஒருவர் சொல்ல முடியும். தேதியோடு ஆட்களின் பெயர்களும் நினைவில் இருக்குமானால், யார் யார் கைகள் சேர்ந்து இதைச் செய்தன என்ற கேள்வி கூடவே எழும்.

1960களின் ஒளிப்படங்களில் அக்கூடாரங்களில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் சாதாரண கோட்டு அணிந்தவர்கள். டிர்ண்டலும் தோல் கால்சட்டையும் இத்தனை பெருந்திரளாகத் திரும்பி வந்தது கடந்த சில பத்தாண்டுகளில்தான். விழாவின் முதல் ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் அவ்வாடைகளில் மியூனிக் தெருக்களில் அணிவகுத்துச் செல்கிறார்கள். அந்த ஊர்வலம் வந்த வழி வாலாக் கடையின் வாசலையும் தொட்டுத்தான் வருகிறது.