அட்டை ஓரிடம், ஆள் ஓரிடம்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் வெள்ள நிவாரணக் கோரிக்கை

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னையையும் சுற்று மாவட்டங்களையும் மூழ்கடித்தது. தமிழக அரசு குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. டோக்கன் கொடுத்து, டிசம்பர் 17 முதல் நியாயவிலைக் கடைகளில் ரொக்கமாகவே வழங்கியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் குன்றத்தூர் வட்டம் முழுவதும் பட்டியலில் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் மூன்று வருவாய்க் கிராமங்கள் மட்டும் இடம்பெற்றன. எல்லைக்கோடு எங்கே போடப்பட்டது என்பது தனி விவாதம். கோட்டுக்கு உள்ளே தண்ணீரில் நின்றவர்களுள் யார் கோரிக்கையாளராக முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதே இங்கு ஆராயப்படுகிறது. பேரிடர் நிவாரணத்துக்குக் குடும்ப அட்டையை அலகாகக் கொள்வது, வேலைக்காக ஊர்விட்டு வந்தவர்கள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் நிவாரணத்தின் நோக்கத்தையே தோற்கடிக்கிறது என்பது என் வாதம்.

அட்டை முறைக்கு ஒரு நியாயம் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். புயல் ஓய்ந்த இரண்டு வாரத்துக்குள் பணம் கைக்கு வரத் தொடங்கியது. வீடு வீடாகச் சேதக் கணக்கெடுத்துப் பட்டியல் தயாரித்திருந்தால் பொங்கல் கடந்திருக்கும். தொகையை வங்கிக் கணக்கில்தான் செலுத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். ரொக்க விநியோகம் நிற்கவில்லை, நின்றிருக்கவும் கூடாது. நனைந்த வீட்டுக்காரருக்கு அன்று தேவை கையில் காசு.

ஆனால் இந்தத் தொழிற்பட்டையில் குடியிருப்பவர் யார்? தென்மாவட்டங்களிலிருந்து வந்து பெண்கள் விடுதியில் தங்கி மின்னணு ஆலைக்குப் போகும் இளம்பெண்கள்; ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்து கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் இளைஞர்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அத்தனை படுக்கைக்கும் உரியவர்களின் குடும்ப அட்டை வேறெங்கோ ஒரு வீட்டின் பீரோவில் இருக்கும்.

முரண் இன்னும் கூர்மையாகத் தெரிவது அரிசியில். 2020 அக்டோபர் முதல் தமிழக அட்டைதாரர் மாநிலத்தின் எந்த நியாயவிலைக் கடையிலும் பொருள் வாங்கலாம். வெளிமாநிலத்தவரும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இங்கே அரிசி பெறலாம். ஒரு தென்காசிப் பெண் ஸ்ரீபெரும்புதூர் கடையில் விரலை வைத்தால் கருவி அவளை அடையாளம் காண்கிறது. நிவாரணம் என்று வந்ததும் அதே அட்டை பதிவான கடையோடு கட்டுண்டுவிடுகிறது. அட்டையைப் பெயரச் செய்யும் தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. பெயர வேண்டியது விதிதான்.

அதே மாதம் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்துத் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. அங்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் அட்டைக்கு 6,000 ரூபாய். குன்றத்தூர் வட்டத்தில் அறை எடுத்துத் தங்கிய ஒரு ஸ்ரீவைகுண்டத்துப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 4-இல் அவள் பாயும் துணியும் நனைந்ததற்கு அவளுடைய அட்டை பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து, அவள் இல்லாத வீட்டின் வெள்ளத்துக்கு அது பேசியது. இரண்டும் தனித்தனி இழப்புகள் என்பதை அட்டையால் சொல்ல முடியாது.

அட்டை இல்லாதவர்களும் கடையில் விண்ணப்பம் தரலாம் என்று அரசு அறிவித்தது உண்மை. அப்போது முகவரிச் சான்று என்ற இடத்தில் எதை வைப்பது? படப்பை போன்ற ஊர்களில் வரிசை வீட்டின் ஓர் அறையில் நான்கு பேர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். ஆதாரில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்ட முகவரி. வாடகை ஒப்பந்தம் எழுதப்படவில்லை, ஈ.பி. மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டில் கான்ட்ராக்டர் பெயர் மட்டும். மாதாமாதம் வாடகை போனதற்கு ஜிபே வரலாறு சாட்சி சொல்லும். அதை எந்த விண்ணப்பத்தோடு இணைப்பது?

உயிரிழப்பு என்றால் கடினம் பல மடங்கு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிமுறைப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். மிக்ஜாமுக்குப் பின் தமிழகம் அதை 5 லட்சமாக உயர்த்தியது. பெற, இறப்பின் காரணத்துக்கு உரிய அதிகாரியின் சான்று வேண்டும். பணம் வாங்குபவர் வாரிசு என்றும் காட்ட வேண்டும். சாவு இந்த வட்டத்தில், வாரிசோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இரண்டு மாநில வருவாய்த் துறைகளுக்கு இடையே கோப்பு நடக்கிறது. நடத்துபவர் மகனை இழந்த, தமிழ் தெரியாத ஒரு தகப்பனார்.

இந்த இடத்தில் சட்டம் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 12-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கான நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கச் சொன்னது. அது விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல, கடமை என்று கௌரவ் குமார் பன்சால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30-இல் தீர்ப்பளித்தது. அதையொட்டிக் கொரோனா உயிரிழப்புக்கு 50,000 ரூபாய் நிர்ணயமானது. அக்டோபர் 4-ஆம் தேதி உத்தரவு தொகையைவிட நடைமுறையில்தான் முக்கியமானது: விண்ணப்பித்த 30 நாளில் பணம், இறப்புச் சான்றில் கொரோனா என்று எழுதப்படவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது, மறுத்தால் முறையிட மாவட்டக் குழு. ஆவணத்தில் உள்ள ஓட்டை அரசின் பதிவுமுறையால் வந்தது என்றால் அதன் சுமையைக் கோரிக்கையாளர் தலையில் ஏற்றலாகாது என்பதே அதன் உட்பொருள். அங்கே விடுபட்டது காரணம், இங்கே முகவரி.

மாற்றுச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோர் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறார்கள், அதன் பதிவுப் படிவத்தில் நிரந்தர முகவரியோடு தற்போதைய முகவரிக்கும் இடம் உண்டு. வெள்ளத்துக்கு முன்பே பதிவானது என்பதால் பணத்துக்காகப் புனையப்பட்டது என்று யாரும் சொல்ல முடியாது. குறை உண்டு: சொந்த ஊர் முகவரியையே இரண்டு கட்டத்திலும் எழுதி முடிப்பது எளிது, அறை மாறினால் திருத்த யாருக்கும் அவசரமில்லை. தொழிலாளர் துறை ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் இந்த ஒரு கட்டத்தைப் புதுப்பிக்க வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கும் கட்டட வேலைக்காரருக்கும் டீக்கடைப் பையனுக்கும் கிராம நிர்வாக அலுவலரின் நேரடி விசாரணைதான் வழி.

அலகு எது என்ற கேள்வி மிஞ்சுகிறது. நிவாரண நிதி விதிமுறை, இரண்டு நாளுக்கு மேல் வீட்டில் வெள்ளம் நின்ற குடும்பத்துக்குத் துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500 என்கிறது. அறையில் தங்கும் நான்கு பேர் அந்தக் கணக்கில் எந்தக் குடும்பம்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டது. அதில் இரத்த உறவு கட்டாயமில்லை. ஒரே அடுப்பில் உண்டு சேர்ந்து வாழ்வோர் ஒரு குடும்பம், விடுதி தனி வகை. வருவாய்த் துறை இதே வகைப்பாட்டை எடுத்துக்கொண்டால் அறைக்கு ஒரு தொகை, விடுதியில் தலைக்கு ஒரு தொகை என்று பிரிக்கலாம். அறைக்கு 6,000 ரூபாய் என்றால் ஆளுக்கு 1,500. ஒரு பாய், ஒரு போர்வை, இரண்டு செட் துணி வாங்க ஆகும்.