நிந்தனைக்குள்ளான தலைவர்

அயர்லாந்தின் வடபகுதியில் ராமெல்டன் என்ற சிற்றூரில் 1873-ஆம் ஆண்டு பிறந்து, ஐந்து பிராயம் நிரம்புமுன்னரே குடும்பத்தாருடன் கப்பலேறி நியூசிலாந்தின் கட்டிகட்டிக் குடியேற்றத்தை அடைந்து, பள்ளி ஆசிரியையான தாயாரின் சொற்ப ஊதியத்தை நம்பிய பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர் டேவ் காலஹர். போயர் யுத்தத்தில் போரிட்டுத் திரும்பிய அவர், விவாகமாகி மகளும் பிறந்தபின், கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலகியிருக்க இடமிருந்தும் முதல் உலக யுத்தத்தில் தாமாகவே சேர்ந்து, 1917 அக்டோபர் 4-ஆம் தேதி பெல்ஜியத்துப் போர்முனையில் உயிர்நீத்தார். இத்தகையவரை ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் மோசக்காரர் என்று தூற்றின என்பதை எண்ணும்போது மனம் பொறுக்கவில்லை.

1905-இல் பிரிட்டனுக்குச் சென்ற நியூசிலாந்து ரக்பி அணிக்கு அவர் தலைவர். ஆட்டக்காரர்களைக் கேளாமல் தலைவரை நியமித்ததில் சிலருக்கு அதிருப்தி உண்டு என்று கப்பலிலேயே அறிந்ததும், அவர் பதவியைத் துறக்க முன்வந்தார். வாக்கெடுப்பில் 17-க்கு 12 என்ற கணக்கில் அணி அவரையே நிலைநிறுத்தியது. முதல் ஆட்டத்தில் டெவன் அணி 55-4 என்று வீழ்ந்தது.

நிந்தனைக்குக் காரணம் இதுதான்: இரு அணியினரும் பிணைந்து நின்று பந்துக்காகத் தள்ளும் ஸ்கிரம்மில் எட்டுப் பேரை நிறுத்துவதே பிரிட்டிஷ் அணிகளின் வழக்கமாயிருக்க, நியூசிலாந்தினர் ஏழு பேரை மட்டும் நிறுத்தி, எஞ்சிய ஒருவரை 'விங் ஃபார்வர்ட்' என்று வெளியே வைத்தனர். காலஹரே அந்த இடத்தில் ஆடினார். பந்தை ஸ்கிரம்முக்குள் செலுத்திவிட்டு அங்கேயே நின்று, அதை எடுக்க வரும் தம் அணியின் ஹாஃப் பேக்குக்கு அவர் அரணானார். அது விதிக்கு விரோதமான தடுப்பு என்றனர் எதிரணியினர். என் அபிப்பிராயத்தில் அது நுட்பமான யோசனையே தவிர வஞ்சகமன்று.

டிசம்பர் 16-ஆம் தேதி கார்டிஃப் நகரில் வேல்ஸ் 3-0 என்று நியூசிலாந்தை வென்றது. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்சு, வட அமெரிக்கா ஆகிய இடங்களில் நியூசிலாந்து அணி அந்தப் பயணத்தில் ஆடிய 35 ஆட்டங்களில் தோல்வி அது ஒன்றே. அந்த ஆட்டத்தில் தம் வீரர் பாப் டீன்ஸ் புள்ளி தரும் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தார் என்றும், பின்தங்கி ஓடிவந்த நடுவர் டல்லாஸ் சேருமுன் வேல்ஸ் வீரர்கள் டீன்ஸைப் பின்னுக்கு இழுத்துவிட்டனர் என்றும் நியூசிலாந்தினர் தலைமுறை தலைமுறையாக வாதாடி வந்திருக்கின்றனர். காலஹரோ, நடுவர்மேல் பழி கூறாமல், சிறந்த அணியே வென்றது என்று ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே தம் துணைத்தலைவர் பில்லி ஸ்டெட்டுடன் சேர்ந்து புத்தகமொன்று எழுதி, தம் அணியின் ஆட்டமுறை முழுவதையும், விங் ஃபார்வர்டின் கடமை உட்பட, படங்களுடன் விளக்கி, எதிரிகளும் படித்துத் தேரும்படி பகிரங்கமாக அச்சிட்டார்.